குவெரியில் கணக்கு ஃபீல்டு: கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேபிளில் அளவு, விலை இரண்டும் இருக்கின்றன. மொத்தத்தைக் குவெரியில் (டேபிளிலிருந்து தகவல் கேட்கும் கட்டளையில்) எப்படிக் காட்டுவது?

பதில்: குவெரி டிசைனில், கீழ்க் கட்டத்தில் காலியாக உள்ள ஃபீல்டு பெட்டியில் மொத்தம்: [அளவு]*[விலை] என்று எழுதுங்கள். ஓடவிட்டதும் ஒரு பெட்டி எழும்பி மதிப்பு கேட்டால், பெரும்பாலும் ஃபீல்டு பெயரில் எழுத்துப்பிழைதான். குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) கணக்கை முதலில் எழுதி, 'ஆஸ்' (AS) போட்டுப் பெயர் வைக்க வேண்டும்.

கேள்வி: தள்ளுபடியைக் கழித்ததிலிருந்து சில வரிகளில் மொத்தம் காலியாக வருகிறதே?

பதில்: அந்த வரிகளில் தள்ளுபடி 'நல்' (NULL), அதாவது மதிப்பே இடப்படாமல் இருக்கும். நல் என்பது பூஜ்யம் அல்ல, 'தெரியாது'. 500இல் தெரியாத ஒன்றைக் கழித்தால் விடையும் தெரியாதுதான். எஸ்க்யூஎல்லில் கோயலெஸ்(தள்ளுபடி, 0) (COALESCE) என்று எழுதுங்கள், நல் இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆக்சஸில் அதே வேலைக்கு என்இசட் (Nz). விலைக்கும் இதையே போட்டுவிடாதீர்கள். விலை விடுபட்ட வரியெல்லாம் இலவசமாகிவிடும், பிழையும் கண்ணில் படாது.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேபேஸில் கணக்குக்கு 'மொத்தம்' என்று பெயர் வைத்தேன். வரிசைப்படுத்தும் ஆர்டர் பை (ORDER BY) ஏற்கிறது, வடிகட்டும் வேர் (WHERE) மட்டும் அப்படி எதுவும் இல்லை என்கிறது. ஏன்?

பதில்: பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நாம் எழுதும் வரிசை வேறு, எஸ்க்யூஎல் பொருள்கொள்ளும் வரிசை வேறு. முதலில் ஃப்ரம் (எந்த டேபிள்), பிறகு வேர், குரூப் பை (குழுவாக்குவது), ஹேவிங் (குழுக்களை வடிகட்டுவது). அதற்கு அப்புறம்தான் செலக்ட் (எதைக் காட்டுவது), கடைசியில் ஆர்டர் பை. வேர் வேலை செய்யும்போது நீங்கள் வைத்த பெயர் இன்னும் பிறக்கவே இல்லை. சின்னக் கணக்கென்றால் வேரிலும் அதையே திரும்ப எழுதிவிடலாம். நீளமானதென்றால் உள்ளே ஒரு குவெரியில் கணக்கிட்டு, வெளியே வடிகட்டுங்கள். இரண்டு இடத்தில் எழுதிய சூத்திரத்தில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறப்பது சகஜம் என்பதால், எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ்ஸில் 7/2 போட்டால் 3 வருகிறது!

பதில்: இரண்டும் முழு எண் என்பதால் விடையின் பின்னப் பகுதி வெட்டப்படுகிறது. 7/2.0 போடுங்கள். மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: மொத்தத்தை டேபிளிலேயே சேமித்துவிட்டால் என்ன?

பதில்: கையால் சேமித்தால், அளவு மாறியும் மொத்தம் பழையபடியே நிற்கும். மைஎஸ்க்யூஎல் 5.7, போஸ்ட்கிரெஸ் 12 முதல் ஜெனரேட்டட் காலம் (generated column, தானே கணக்கிடப்படும் ஃபீல்டு) உண்டு. டேட்டாபேஸே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பில் வரியில் விற்ற அன்றைய விலையைச் சேமித்தே ஆக வேண்டும். இன்றைய விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டால், பட்டியல் மாறும்போதெல்லாம் பழைய பில்லின் தொகையும் மாறிவிடும்.