பில்லில் ‘சப்ளிமென்ட்’, பாட்டிலில் தாய்ப்பால்

கேள்வி: என் மனைவிக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1,350 கிராம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) 19 நாள் இருந்தான். முதல் வாரம் அவளுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. “தாய்ப்பாலே பாட்டில்ல கிடைக்கும், வாங்கிட்டு வந்துடுங்க சார்” என்று அங்கிருந்த நர்ஸ் ஒரு கடையின் நம்பரைக் கொடுத்தார். 50 மில்லி 500 ரூபாய் வீதம் 14 பாட்டில் வாங்கினேன். பில்லில் ‘நியூட்ரிஷனல் சப்ளிமென்ட்’ என்று இருக்கிறது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் தாய்ப்பாலை விற்கவே கூடாது என்கிறார் நண்பர். வாங்கியது குற்றமா? பணம் திரும்ப வருமா? இப்போது மனைவிக்குப் பால் மிகுதியாக இருக்கிறது. பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு பெண்ணும், ஒரு வாட்ஸ்அப் குழுவும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வாங்கியது குற்றமில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 உணவுத் தொழில் நடத்துபவரைத்தான் பிடிக்கும், மருத்துவமனை சொன்னதைக் கேட்டு வாங்கி வந்த அப்பாவை அல்ல.

நண்பர் சொன்னது சரி. தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ இந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லை என்று எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்தச் சட்டத்தை நடத்தும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2024 மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. யாருக்கும் லைசென்ஸோ பதிவோ கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த மாதக் கடைசியிலேயே சென்னை மாதவரத்தில் புரோட்டீன் பவுடர் விற்க வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு தாய்ப்பால் விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதற்கு முன்பு பெங்களூரு நிறுவனம் ஒன்று முதலில் பால் பொருள் என்றும், அது ரத்தானதும் ஆயுர்வேத மருந்து என்றும் லைசென்ஸ் வாங்கியது. இரண்டாவதும் 2022-இல் ரத்தானது. நம் நாட்டில் தாய்ப்பாலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நுழைகிறது.

அப்படியானால் அரசு மருத்துவமனைத் தாய்ப்பால் வங்கிகள் எப்படி நடக்கின்றன என்று கேட்பீர்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இலேயே தொடங்கிய ஏற்பாடு அது. மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கொடுக்கும் தாய் சம்மதத்தோடு, காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். அவருக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் பரிசோதனை நடக்கும். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, கிருமி வளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தைக்குத் தருவார்கள். அந்தச் சூட்டில் எச்ஐவி செயலிழக்கும், ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாகாது. அதனால்தான் பால் எந்தத் தாயிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்ற பதிவு முக்கியம். உங்கள் பாட்டிலில் அது இருந்ததா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போதே செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். ஃப்ரீசரில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தாலும் கொட்டாதீர்கள், திறக்காதீர்கள். காலி பாட்டிலும் போதும், ஸ்டிக்கரைக் கிழிக்காமல் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். 14 இலக்க லைசென்ஸ் எண் அதில் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். பில், ஜிபே ரசீது, நர்ஸ் நம்பர் அனுப்பிய மெசேஜ் எல்லாம் இருக்கட்டும். மருத்துவமனையிடம் கேஸ் ஷீட் நகலும் என்ஐசியு ஃபீடிங் சார்ட்டும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி, எந்தப் பால் என்று அந்தச் சார்ட்டில் நர்ஸ் கையால் எழுதியிருப்பார். வழக்கில் அந்த ஒரு தாள் பத்து சாட்சிக்குச் சமம்.

பிறகு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அதிகாரியிடம் புகார் கொடுங்கள். வாங்கியவரே பகுப்பாய்வுக்குக் கொடுக்க 2006 சட்டத்தின் பிரிவு 40 இடம் தருகிறது. என்றாலும் திறக்காத பாட்டில் இருந்தால் அதிகாரியிடமே ஒப்படைப்பது நல்லது. ஆய்வகம் கிருமியைச் சொல்லும், கொடுத்த தாயின் உடல்நிலையைச் சொல்லாது. ஆகவே பையனுக்கு என்ன பரிசோதனை தேவை என்று குழந்தை நல மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். அது வக்கீல் வேலை இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது.

பணத்தைப் பொறுத்தவரை ஆசை காட்டமாட்டேன். அதே சட்டத்தின் பிரிவு 65-இல் உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், பலத்த காயத்துக்கு 3 லட்சம் வரை இழப்பீடு உண்டு. பையன் நலமாக இருப்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது, பொருந்தாமல் இருப்பதே நல்லது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கடையையும் மருத்துவமனையையும் சேர்த்து வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், உங்கள் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. 7,000 ரூபாயும் அலைச்சலுக்குக் கொஞ்சமும் கேட்கலாம். ‘எங்களுக்குத் தெரியாது, அப்பாவே வாங்கி வந்தார்’ என்றுதான் மருத்துவமனை சொல்லும். மெசேஜை அழித்துவிடாதீர்கள் என்று சொன்னது அதற்காகத்தான்.

மனைவியின் பால் விஷயத்தில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காசில்லாமல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அக்கா பிள்ளைக்குத் தங்கை பால் கொடுத்தது நம் வீடுகளில் புதிதா என்ன? இருந்தாலும் உங்கள் மனைவி கர்ப்ப காலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அந்தப் பெண்ணிடம் காட்டிவிடுங்கள், பால் யாரிடமிருந்து வருகிறது என்பது அந்தப் பெண்ணின் மருத்துவருக்கும் தெரியட்டும். தொற்று இருப்பது தெரிந்தும் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) பிரிவு 271, 272 வரை, அதாவது நோய்த்தொற்றைப் பரப்பும் குற்றம் வரை போகும்.

வாட்ஸ்அப் குழு வேறு கதை. ‘உணவுத் தொழில்’ என்பதற்கு 2006 சட்டம் தரும் விளக்கத்தில் லாபத்துக்கோ, லாபமில்லாமலோ என்று இருக்கிறது. பலரிடம் சேகரித்து, ஐஸ் பாக்ஸில் வைத்து ஊர் ஊராக அனுப்பும் குழு ‘இலவசம்தானே’ என்று தப்பித்துவிட முடியாது. ‘கூரியர் செலவு’ என்று 300 ரூபாய் வாங்க ஆரம்பித்தால் விற்பனை என்று வாதிட இன்னும் எளிது. அந்தக் குழுவில் சேர வேண்டாம்.

மிச்சப் பாலைக் கொடுக்க மனைவிக்கு ஆசை என்றால் தாய்ப்பால் வங்கி உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இருக்கிறது. பிரசவ ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் பாலை வாங்குவார்கள். உங்கள் பையனின் பங்கு போக மிச்சம் எவ்வளவு என்றும் கேட்பார்கள்.