மணிக்கட்டில் தெரியும்படி போடுங்கள், தம்பி

தம்பி, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறீர்கள். உங்களுக்கு முதல் வகை நீரிழிவு; தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்கள். அவசரத்தில் அடையாளம் காட்ட, நோயின் பெயர் பொறித்த தகடுள்ள வளையத்தைக் கையில் போடுவதா, கழுத்துச் சங்கிலியில் டாலரா, பணப்பையில் அட்டை போதுமா, கைபேசியில் பதிந்துவைத்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். "நோயை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரியாதே" என்று அம்மா தடுப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இன்சுலின் போட்டுக்கொள்பவன்தான். மணிக்கட்டில், வெளியே தெரியும்படி போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

சர்க்கரை ஏறினால் பெரும்பாலும் நமக்கு அவகாசம் கிடைக்கும். இறங்கினால் கிடைக்காது. 4 மில்லிமோலுக்குக் கீழே, நம் ஊர்க் கணக்கில் சுமார் 72க்குக் கீழே, போனால் வியர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்ப்பவர் கண்ணுக்கு அது குடித்தவனின் கோலம். சிங்கப்பூரில் தமிழர் கூடும் லிட்டில் இந்தியா 2015 முதல் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். வார இறுதியில் அங்கே பொது இடத்தில் குடிப்பது குற்றம். ஞாயிறு மாலை அங்குள்ள தேக்காவில் ஒரு தமிழ் இளைஞன் தள்ளாடினால் சுற்றியிருப்பவர் மனத்தில் முதலில் என்ன தோன்றும்? நான் அதைக் கண்ணால் கண்டேன். சிராங்கூன் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், தூணில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூட்டம் விலகி விலகிப் போயிற்று. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாதான் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். தகட்டில் 'டயாபெட்டீஸ்' என்ற ஒரு சொல்லைப் படித்ததும் எதிர்க்கடைக்கு ஆள் விட்டுக் கரும்புச்சாறு வாங்கிவரச் சொன்னார். சாய்ந்திருந்தவருக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அதனால் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இங்கே ஆம்புலன்ஸுக்கான எண் 995ஐ அழைத்துவிட வேண்டும்.

கழுத்து டாலர் வேண்டாம் என்பேன். சட்டைக்குள் போய்விடும், வெளியே தெரிந்தாலும் சாமி டாலர் என்றே நினைப்பார்கள். நாடி பார்க்கிறவர் முதலில் பிடிப்பது மணிக்கட்டைத்தான். கோயில் கயிறு ஒரு கையில் இருந்தால் வளையத்தை மறு கையில் போடுங்கள். நாலைந்து கயிறுகளுக்கு நடுவே தகடு மறைந்துவிடும். எவர்சில்வர்தான் இந்த ஊருக்கு ஏற்றது. இங்கே ஆண்டு முழுவதும் புழுக்கம், வெள்ளி கறுத்துவிடும், தோல்பட்டை நாறும். தங்கத்தில் செய்தால் பார்ப்பவர் அதை நகையாகவே பார்ப்பார். மருத்துவச் சின்னமான ஆறுமுனை நட்சத்திரமும் பாம்பு சுற்றிய கோலும் தகட்டில் சிவப்பில் இருக்கட்டும். மொழி தெரியாதவருக்கும் அது புரியும். சுழலும் இயந்திரத்தின் அருகே வேலை என்றால் கையில் உலோகம் அணிய விடமாட்டார்கள்; அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

எழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி என்பது நமக்குப் பெருமைதான், ஆனால் ஆம்புலன்ஸில் வருபவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். பெயர், டைப் 1 டயாபெட்டீஸ், இன்சுலின், ஒவ்வாத மருந்து இருந்தால் அது. இவ்வளவு போதும், நெருக்கினால் எழுத்து பொடியாகிப் படிக்க முடியாது. அடையாள எண்ணைப் பொறிக்காதீர்கள். தொலைபேசி எண்ணையும் இப்போது தகட்டில் வெட்ட வேண்டாம், முதல் ஆண்டில் அறையும் மாறும், அறை நண்பரும் மாறுவார். அதை அட்டையில் எழுதி வேலை அனுமதி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி எண் மட்டும் போதாது, உடனே ஓடிவரக்கூடிய ஒருவரின் சிங்கப்பூர் எண் வேண்டும். கைபேசியிலும் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பக்கம் இருக்கிறது, நிரப்பிவையுங்கள். ஆனால் சார்ஜ் தீர்ந்த கைபேசி எதையும் சொல்லாது.

இங்குள்ள மருத்துவமனைகள் பகிர்ந்துகொள்ளும் மின்னிலக்கப் பதிவேடு ஒன்று உண்டு. ஆனால் நீங்கள் இங்கே சிகிச்சை தொடங்கும்வரை அதில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இராது; உங்கள் கோப்பு திருச்சியில் இருக்கிறது. வந்தவுடன் ஒரு மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மருத்துவச் சங்கத்தின் 'மெடிக் அவாஸ்' வளையத் திட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: 2016இல் அரசாங்கமே நீரிழிவு மீது போர் தொடுத்த ஊர் இது. பானங்களுக்குச் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவைப் பொறுத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் போட்டிருக்கிறார்கள். கையில் தகடு கட்டியவனை யாரும் ஒதுக்குவதில்லை. (சர்க்கரை இறங்கும்போது, சர்க்கரை மிகக் குறைந்த 'ஏ' தரப் பானம் உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் மாத்திரைகளாகப் பையில் எப்போதும் இருக்கட்டும்.)

புறப்படும் முன்பே திருச்சியில் பொறித்துவிடுங்கள், விமானத்திலும் கையில் இருக்க வேண்டுமல்லவா. கடைக்காரருக்கு வாயால் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்து, பொறித்தபின் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து வாங்குங்கள்.