கணவன், மனைவி இருவருக்குமே நேரம் காலம் இல்லாத வேலை என்றால் யார் விட்டுக்கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்களுக்கும் நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருக்கும் இரவு பகல் பார்க்காத வேலை. குழந்தை என்று வந்துவிட்டால் ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? அந்த ஒருவர் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறார்?

இரண்டாவது கேள்விக்கு 'ஆணாதிக்கம்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டுப் போகலாம். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, காலை எட்டே முக்காலுக்குக் காய்ச்சலோடு படுத்திருக்கும் குழந்தைக்காக இன்று யார் லீவு போடுவது என்று முடிவு செய்ய முடியாது. எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. நான் ஆண். என்னை நல்லவனாகக் காட்டாத சில விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். சமீபம் வரை மாதத்தில் பத்து நாள் ஆன்-கால். போன் அடித்தால் பதினைந்து நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மனைவி ஆடிட்டர். கல்யாணத்தின்போது இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம், அவளுக்குத்தான் கொஞ்சம் கூடுதல். சமையல், துணி எல்லாம் பாதிப் பாதி. அதைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று வீட்டில் வேலை என்று என்ன இருந்தது? இரண்டு தட்டு, ஒரு வாஷிங் மெஷின்.

குழந்தை பிறந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வருடத்தில், குழந்தைக்கு உடம்பு சரியில்லாத ஒவ்வொரு காலையும் எங்கள் பேச்சு ஒரே மாதிரிதான் போகும்.

"எனக்குப் பத்து மணிக்கு ரிவியூ இருக்கு."

"எனக்கும் கிளையன்ட் ஆபீஸ்ல உட்கார்ந்தாகணும்."

"உன்னோடதை நாளைக்குத் தள்ளிப்போட முடியாதா?"

கடைசி வரியைச் சொன்னது ஒவ்வொரு முறையும் நான்தான். அதில் உண்மையும் இருந்தது. சர்வர் விழுந்தால் அந்த நிமிடமே பார்க்க வேண்டும். அவளுடைய கோப்பு ஒரு நாள் காத்திருக்கும். குழந்தை தூங்கியபிறகு இரவு பதினொரு மணிக்கு அவள் உட்கார்ந்து அதை முடித்துவிடுவாள். யாருடைய வேலை முக்கியம் என்று நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்றுதான் பார்த்தோம். அதனால் தள்ளிப்போடக்கூடிய வேலை தோற்றுக்கொண்டே வந்தது.

பிறகு ஒருநாள், நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரும் அக்கவுண்ட்ஸ் வேலை ஒன்றுக்கு மாறிக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் பேச்சு. அவள் மாறியதால் நான் எதற்கும் சரி என்று சொல்ல முடிந்தது. நள்ளிரவு மாற்றங்கள், வெளியூர்ப் பயணம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எல்லாவற்றுக்கும். எதற்கும் சரி என்பவனுக்குப் பதவி உயர்வு வரும், வந்தது. ஐந்து வருடத்தில் என் சம்பளம் அவளுடையதைப் போல இரண்டரை மடங்கு. அதற்குமேல் எந்த முடிவு எடுத்தாலும் கணக்கு ஒன்றையே சொன்னது: என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. கணக்கு சரிதான். அது எப்படி அந்த இடத்துக்கு வந்து நின்றது என்பதைத்தான் நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் பல வருடங்களாக எழுதிவருகிறார். சில வேலைகளைப் 'பேராசை பிடித்த வேலை' என்று சொல்கிறார். வாரம் அறுபது மணி நேரம் உழைப்பவருக்கு, முப்பது மணி நேரம் உழைப்பவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொடுக்கும் வேலைகள் அவை. எப்போது கூப்பிட்டாலும் வருவாய் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். குழந்தை இருக்கும் வீட்டில் இருவருமே அப்படி இருக்க முடியாது. இருவரும் சாதாரண வேலையை எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்குக் கையில் வருவது குறையும். அதனால் ஒருவர் பேராசை வேலைக்குப் போகிறார், இன்னொருவர் வீட்டின் அழைப்புக்குத் தயாராக நிற்கிறார். சமத்துவத்துக்கு ஒரு விலை இருக்கிறது, பெரும்பாலான தம்பதிகள் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் போவது என்று வரும்போது பழைய வழக்கம் உள்ளே நுழைகிறது. குழந்தைக்குப் பால் கொடுத்தவள், ஆறு மாதம் வீட்டில் இருந்து எல்லாம் கற்றுக்கொண்டவள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தானே நிற்கிறாள்.

டென்மார்க்கில் பல பத்தாண்டுத் தரவுகளை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. முதல் குழந்தை பிறக்கும்வரை ஆணின் வருமானக் கோடும் பெண்ணின் வருமானக் கோடும் ஒன்றாகப் போகின்றன. குழந்தை பிறந்ததும் பெண்ணின் கோடு சட்டென்று கீழே விழுகிறது, பல வருடம் கழித்தும் சுமார் 20 சதவீதம் கீழேயே நிற்கிறது. ஆணின் கோட்டில் குழந்தை பிறந்ததற்கான அடையாளமே இல்லை. விடுமுறைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் பெயர்போன நாட்டின் கதை இது. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்த மாதிரி இருந்தது.

பணத்தைவிட எனக்கு அதிகம் உறைத்தது வேறொன்று.

மகளுக்கு நான்கு வயது இருக்கும். மனைவி ஒரு தேர்வு எழுதப் போயிருந்தாள், நான் வீட்டில். நல்ல காய்ச்சல், வாந்தி. தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர் மூன்று கேள்வி கேட்டார். எடை எவ்வளவு? கடைசியாக மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன். தேர்வு அறைக்கு வெளியே, போனை அணைக்கப் போன நேரம். பத்து வினாடியில் தாழ்ந்த குரலில் மூன்று பதிலையும் சொல்லிவிட்டு, "பையில் முன்பக்க ஜிப்ல சீட்டு இருக்கு, அதை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். அந்தப் பையைத்தான் நான் ஒரு மணி நேரமாகத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சர்வர் ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெற்ற மகளின் எடை தெரியவில்லை. அலட்சியம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் அலட்சியம் மட்டுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. நான் செய்ததெல்லாம் சொன்ன வேலை. "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்பது என் நிரந்தர வசனம். எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், சொன்னது நடந்ததா என்று பார்ப்பது தனி வேலை, அலுவலகத்தில் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கில், உலக அளவில் சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். மனசுக்குள் ஓடும் இந்த மேனேஜர் வேலையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட கணக்கில் சிக்காது என்பது என் எண்ணம். குளித்துக்கொண்டே தடுப்பூசித் தேதியை யோசிப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இதே அமைப்பு 1919இல் போட்ட முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலை பற்றியதுதான். எத்தனை பெரிய வெற்றி! ஆனாலும் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவருக்குச் சோறும் துவைத்த சட்டையும் தயாராக வைத்திருக்க வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைப்பு அந்த எட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இன்று அந்த இன்னொருவரும் எட்டு மணி நேரம் வேலைக்குப் போகிறார். வேலை மட்டும் பழைய நினைப்பிலேயே இருக்கிறது.

'ஆள் வைத்துக்கொள்ளலாமே' என்பார்கள். வைத்தோம், பாத்திரம் குறைந்தது. பள்ளியிலிருந்து வரும் அழைப்பு குறையவில்லை. 'வீட்டிலிருந்தே வேலை' வந்தால் சரியாகும் என்றும் நம்பினோம். 2020இல் அதுவும் வந்தது. கதவு இருந்த அறை எனக்கு, சாப்பாட்டு மேசை அவளுக்கு. யாரும் முடிவு செய்யவில்லை, அதுவாக அமைந்தது. மகள் என் கதவைத் தட்ட மாட்டாள், மேசையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

சரி, இதற்கு என்ன வழி? 'புருஷன் மனசு மாறணும்' என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனசு எனக்கு முதல் நாளிலிருந்தே நல்லாத்தான் இருந்தது. வேலையின் அமைப்பு மாறினால்தான் வீட்டில் ஏதாவது நகர்கிறது. அமெரிக்க மருந்தாளுநர்களைப் பற்றி கோல்டினும் பொருளாதார அறிஞர் லாரன்ஸ் காட்ஸும் எழுதியது எனக்குப் பிடித்த உதாரணம். முன்பு சொந்தமாகக் கடை வைத்திருந்த மருந்தாளுநர்தான் எல்லாம், அவர் இல்லாவிட்டால் கடை இல்லை. பிறகு பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன, நோயாளியின் விவரம் முழுக்கக் கணினிக்குள் போனது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம் என்றானது. குறைந்த நேரம் வேலை செய்தால் மணிக்கணக்குக் கூலியில் பெரிதாக வெட்டு விழுவதில்லை. இன்று அந்தத் தொழிலில் பாதிக்கு மேல் பெண்கள், ஆண் பெண் சம்பள இடைவெளியும் மற்ற பல தொழில்களைவிடக் குறைவு. யாரும் அறிவுரை சொல்லி இது நடக்கவில்லை. 'நான் இல்லாமல் நடக்காது' என்ற நிலை போனது, அவ்வளவுதான்.

ஸ்வீடன் இன்னொரு உதாரணம். 1974லேயே குழந்தைக்கான விடுமுறையை அப்பா, அம்மா இருவருக்கும் பொதுவாக்கினார்கள். அப்பாக்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் அம்மாக்களுக்கே எழுதிக்கொடுத்தார்கள். 1995இல் ஒரு மாதத்தை மட்டும் மாற்றிக்கொடுக்க முடியாதபடி செய்தார்கள், எடுக்காவிட்டால் போச்சு. உடனே விடுமுறை எடுக்கும் அப்பாக்களின் எண்ணிக்கை எகிறியது. அதே ஆண்கள், அதே குழந்தைகள். இப்போது தலைக்கு 90 நாள் அப்படி ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, மேனேஜரிடம் 'எனக்கு ஆசைதான்' என்று கெஞ்சத் தேவையில்லை, 'எடுக்காவிட்டால் வீணாகிவிடும்' என்று சொல்லலாம்.

எங்கள் வீட்டில் இத்தனை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவமனைச் சம்பவத்துக்குப் பிறகு, மகளின் பள்ளிப் படிவத்தில் 'முதலில் அழைக்க வேண்டிய எண்' என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அப்போதும் மனைவியைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு முறை நேரில் போய்ச் சொன்ன பிறகும், 'அப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சோம்' என்றார்கள். எனக்கு முதல் அழைப்பு வர ஐந்து மாதம் ஆனது. அன்று பார்த்து எங்கள் சிஸ்டம் பாதி விழுந்து கிடந்தது. எழுந்து கிளம்பினேன். மேனேஜர் நல்ல மனிதர், கோபமே இல்லாமல் கேட்டார்:

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"அவங்களும் ஆபீஸ்லதான் சார் இருக்காங்க."

அவர் முகத்தில் தெரிந்தது உண்மையான குழப்பம். அவர் வீட்டில் ஒருநாளும் பள்ளியிலிருந்து அவருக்குப் போன் வந்திருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பது, இரண்டு வேலையும் பேராசை பிடித்ததாக இருக்கும்வரை பெரும்பாலும் உண்மை. ஒரே ஆளே எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் பொய். 'கொஞ்ச நாளைக்கு' என்று யாராவது சொன்னால் அது எந்த மாதம் வரை என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். நாங்கள் எழுதவில்லை, ஆறு வருடம் ஓடிவிட்டது. அப்புறம், வருங்காலக் கணவரிடம் 'வீட்டு வேலையில் உதவி செய்வீங்களா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் செய்வேன் என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். அவர் இல்லாத நாளில் அலுவலகத்தில் அவர் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். 'யாரும் இல்லை' என்று பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள். உங்கள் வேலையைப் பற்றியும் அதே கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இப்போது அவள் முறை. மூன்று வருடம், தேதி எழுதியிருக்கிறோம். அவள் மறுபடி தணிக்கை வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கீழே இருந்திருக்க வேண்டியவர்களிடம் இப்போது ரிப்போர்ட் செய்கிறாள், அது அவளுக்குச் சுலபமாக இல்லை. நான் ஆன்-கால் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அதற்குக் கொடுத்துவந்த கூடுதல் பணம் போனது, அந்த வருட ரேட்டிங்கும் ஒரு படி இறங்கியது. மகளின் எடை இருபத்தாறு கிலோ. இரவு இரண்டு மணிக்கு இன்னும் தானாக விழிப்பு வருகிறது, பழக்கத்தில் போனை எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இருக்காது. கதவு உள்ள அந்த அறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆடிட் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது அவளுக்கு.