மேடுகள் ஒரே கோட்டில் நிற்கலாமா? காப்புரிமை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, திருவொற்றியூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டு விசைப்படகுகளின் டீசல் எஞ்சினுக்காக, கழுவிக் கழுவிப் பயன்படுத்தக்கூடிய கம்பி வடிகட்டி ஒன்றை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியின் ஒரு பக்கத்தில் 0.06 மி.மீ. உயரத்துக்குச் சிறு மேடுகளை எழுப்பி, அக்கம்பியை 40 மி.மீ. விட்டமுள்ள கூட்டின் மேல் நெருக்கமாகச் சுற்றுகிறோம். மேட்டின் உயரம்தான் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையிலான இடுக்கு. 17 மி.மீ.க்கு ஒரு மேடு வருவதால், அடுத்தடுத்த சுற்றுகளில் மேடுகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. எஞ்சின் அதிர்வில் சுற்று தளராமல் இருப்பதற்கு அதுவே காரணம். என் முதல் உரிமைக்கோரல் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம்) ‘மேடுகள் உள்ள கம்பியைச் சுற்றி அமைத்த வடிகட்டி’ என்பது. மூன்றாவது, ‘மேடுகளின் இடைவெளி 15 முதல் 20 மி.மீ. வரை’ என்பது. காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையில் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, புதுமையும் இல்லை, கண்டுபிடிப்புத் திறமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அறிக்கையின் நகலையும் ஒரு மாதிரியையும் அனுப்பியுள்ளேன். விண்ணப்பத்தைக் கைவிட வேண்டியதுதானா?

பதில்: கைவிட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முதல் உரிமைக்கோரலைப் பொறுத்தவரை ஆய்வாளர் எழுதியது சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கம்பியில் மேடு எழுப்பிச் சுற்றி, மேட்டின் உயரத்தையே இடுக்காக்கும் முறை பல பத்தாண்டுகளாக எண்ணெய் வடிகட்டிகளில் இருந்துவருவது. அறிக்கை காட்டும் முதல் ஆவணம் அதைத்தான் சொல்கிறது: எட்டுத் தண்டுகள் கொண்ட கூடு, தண்டுக்குத் தண்டு 16 மி.மீ., ஒவ்வொரு தண்டின் மேலும் ஒரு மேடு. உங்கள் முதல் கோரலில் உள்ள எல்லாக் கூறுகளும் அந்த ஒரே ஆவணத்தில் இருக்கின்றன; ஆகவே அதற்குப் புதுமை இல்லை.

மூன்றாவது கோரலும் விழுந்ததுதான் உங்களைத் திகைக்க வைத்திருக்கிறது என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. இதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். கம்பி நேராக இருக்கும்போதே நீங்கள் மேடுகளை எழுப்புவதால், கணக்கில் வர வேண்டியது கம்பியின் நடுக்கோட்டு விட்டம். இருபுறமும் கம்பியின் பாதித் தடிமன் சேர்வதால் அது 40 அன்று, 41 மி.மீ. அப்படியானால் ஒரு சுற்றின் நீளம் 128.8 மி.மீ. அதை 17ஆல் வகுத்தால் 7.58 வருகிறது, அதாவது, ஏழு மேடுகளுக்குப் பின் 9.8 மி.மீ. மிஞ்சுவதால், அடுத்த சுற்றின் மேடுகள் அந்த அளவுக்குத் தள்ளி அமைகின்றன. நல்லது. ஆனால் இடைவெளி 18.4 மி.மீ. என்றால் சரியாக ஏழு மேடுகளும், 16.1 என்றால் சரியாக எட்டு மேடுகளும் ஒரு சுற்றில் அடங்கி, எல்லா மேடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் போல நின்றுவிடும். இவ்விரண்டு எண்களும் நீங்கள் கேட்கும் 15 – 20 வரம்புக்குள்ளேயே இருக்கின்றன! பழைய ஆவணத்தின் 16 மி.மீ.யும் அதற்குள்தான். வரம்புக்குள் விழும் ஒரே ஒரு பழைய எடுத்துக்காட்டு முழு வரம்பின் புதுமையையும் கெடுத்துவிடும். உங்கள் கண்டுபிடிப்பு இடைவெளியின் நீளத்தில் இல்லை, சுற்றின் நீளத்துக்கும் மேட்டு இடைவெளிக்கும் உள்ள உறவில் இருக்கிறது. கோரலோ நீளத்தைக் கேட்கிறது.

ஆகவே முதல் கோரலைச் சுருக்க வேண்டும். இங்கே காப்புரிமைச் சட்டம், 1970இன் 59ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். திருத்தம் என்பது விட்டுக்கொடுத்தலாகவோ, பிழை நீக்கமாகவோ, விளக்கமாகவோ மட்டுமே இருக்கலாம். முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி எழுதிய ஆவணத்தில், இல்லாத எதையும் புகுத்தக் கூடாது. திருத்திய கோரல் பழைய கோரலின் எல்லைக்குள்ளேயே முழுமையாக அடங்க வேண்டும். நல்லவேளையாக, உங்கள் விவரக்குறிப்பின் நான்காம் பக்கத்தில் ‘மேடுகள் அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே கோட்டில் அமையாதபடி’ என்ற ஒரு வரி இருக்கிறது. நீங்கள் எழுதிய பன்னிரண்டு பக்கங்களில் இப்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான். அதை அப்படியே முதல் கோரலுக்குள் கொண்டுவரலாம். ‘மேட்டு இடைவெளியில் கால் பங்குக்குக் குறையாமல் தள்ளி’ என்று ஓர் எல்லை வகுத்தால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கால் பங்கு விவரக்குறிப்பில் எங்கும் இல்லாததால், அதை இப்போது எழுதினால் 59ஆம் பிரிவின் கீழ் மறுப்பார்கள். அதற்குப் பதிலாக, 1 மி.மீ. கம்பி, 40 மி.மீ. கூடு, 17 மி.மீ. இடைவெளி என்ற உங்கள் எடுத்துக்காட்டைத் முதல் கோரலைச் சார்ந்து அதை மேலும் சுருக்கும் தனியொரு சார்புக் கோரலாக வையுங்கள். முதல் கோரல் தள்ளாடினாலும் அது நிற்கக்கூடும். 15 – 20 வரம்பை எடுத்துவிடுங்கள். கோரல்களில் எங்காவது ‘சுமார்’ என்ற சொல் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பட்டறையில் அது பணிவான சொல்லாக இருக்கலாம், கோரலில் அது ஓட்டை.

இனி கண்டுபிடிப்புத் திறம். ஒரே ஆவணத்தில் எல்லாம் இல்லாவிட்டாலும், இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் இத்துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்பதே கேள்வி. இரண்டாவது ஆவணம் ‘தகுந்த இடைவெளிகளில் மேடுகள்’ என்கிறது. மேட்டை எங்கே வைப்பது என்பது பட்டறையில் எவரும் தீர்மானிக்கும் சாதாரணத் தேர்வு என்கிறார் ஆய்வாளர். இந்த வாதத்தின் பின்னால் 1978இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. பாத்திரங்களைக் கடையும்போது லேத்தில் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு வழங்கப்பட்ட காப்புரிமை பற்றிய வழக்கு அது. தேர்ந்த தொழிலாளி இயல்பாகச் செய்யக்கூடிய பட்டறை மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்று சொல்லி, அந்தக் காப்புரிமை செல்லாது என்றார்கள். லேத் பட்டறைக்காரரான உங்களுக்கு எதிராக லேத் வழக்கையே எடுத்து வைப்பார்கள், பதிலோடு போங்கள்.

பதில் முதல் ஆவணத்திலேயே கிடக்கிறது. மேடுகளைத் தண்டின் மேல் ஒரே கோட்டில் வைப்பது விறைப்புக்காக என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அதைப் படித்த தொழிலாளி மேடுகளைக் கோட்டிலிருந்து விலக்க மாட்டார். விலக்கினால் மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே கம்பி வளையும், இடுக்கு மாறும் என்றுதான் அஞ்சுவார். நீங்களோ அந்தச் சிறு வளைவையே பயனாக்கியிருக்கிறீர்கள். தூண்களாக நிற்கும் மேடுகள் அதிர்வில் சில மைக்ரான் தேய்ந்தாலே மேலிருந்து இறுக்கிய நட்டின் பிடி தளர்ந்து, சுற்றுகள் கிலுகிலுக்கத் தொடங்கும். விலகி நிற்கும் மேடுகளுக்கு நடுவே கம்பி வில் போல அமுங்கியிருப்பதால், தேய்மானத்தை அந்த வில்லே ஈடுசெய்துகொள்ளும். பழைய ஆவணம் போகாதே என்று சொன்ன திசையில் போய் ஒரு பயனைக் கண்டிருக்கிறீர்கள் என்பதே உங்கள் வாதத்தின் முதுகெலும்பு. ‘தகுந்த இடைவெளி’ என்ற பொதுச்சொல் இதைக் கற்றுத்தரவில்லை. அறிக்கையில் போகிறபோக்கில் சுட்டியிருக்கும் 3(எஃப்) பிரிவு, தனித்தனியே இயங்கும் அறிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கிவைப்பதைப் பற்றியது; இங்கே மேடும் சுற்றும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால் அதற்கு ஒரு பத்தி போதும்.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். ஒரே கம்பியில், 17 மி.மீ. இடைவெளியில் ஒன்றும் 18.4 மி.மீ. இடைவெளியில் ஒன்றுமாக இரண்டு வடிகட்டிகளைச் சுற்றி, ஒரே எஞ்சினில் ஒரே அளவு நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் இடுக்குகளை அளந்து, அந்த அட்டவணையைப் பிரமாணப் பத்திரத்துடன் தாருங்கள். அதிர்வில் தளராது என்ற பயனை விவரக்குறிப்பில் முன்பே சொல்லியிருப்பதால், அதை மெய்ப்பிக்கும் சோதனையைப் பின்னால் தருவதில் தவறில்லை. நீங்கள் அனுப்பிய மாதிரியை நான் ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய உலோக இதழ்களின் தொகுப்பு) தொட்டுப் பார்த்தேன்: மேட்டுக்கு அருகில் 0.05 இதழ் வழுக்கிக்கொண்டு நுழைந்தது, 0.07 நுழையவில்லை, ஆனால் இரண்டு மேடுகளுக்கு நடுவில் 0.05 இதழும் சற்றுப் பிடித்தது. ஆகவே இடுக்கு எங்கும் 0.06 என்று அடித்து எழுதாதீர்கள். எங்கே, எவ்வளவு இறுக்கத்தில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். விசாரணையில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

அறிக்கை வெளியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பதில் தாக்கலாக வேண்டும். அக்கெடு முடிவதற்குள் படிவம் 4 கொடுத்து மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். பதிலே தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பதிலுக்குப் பின்னும் ஆட்சேபம் எஞ்சினால் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் கட்டுப்பாட்டாளர் விசாரணைக்கு அழைப்பார்; அது காணொளி வழியாகவே நடப்பதால், விம்கோ நகரில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம் வரை போகும் வேலை இல்லை. விசாரணை முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்துவடிவ வாதத்தைத் தரலாம். பேசியதை விட அதுதான் கோப்பில் நிற்கும். அதன் பின்னும் மறுத்தால், 2021இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டுவிட்டதால், மேல்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

கேள்வி: நானும் படகு எஞ்சின் உதிரிபாகம் செய்பவன், இராயபுரம். விண்ணப்பிக்கும் முன்பே நான்கு படகுகளில் என் வடிகட்டியைப் பொருத்திப் பார்த்துவிட்டேன். இது புதுமையைக் கெடுக்குமா?

பதில்: எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், பொது இடத்தில் இயக்கிப் பார்ப்பது அவசியமாக இருந்திருந்தால், 32ஆம் பிரிவு காக்கும். கடலில் ஓடும் படகின் அதிர்வைப் பட்டறை மேசையில் உண்டாக்க முடியாது என்பது நியாயமான விளக்கம்தான். ஆனால் பில் போட்டுக் காசு வாங்கியிருந்தால் அது சோதனை ஆகாது, விற்பனை. போட்டியாளர் ஒருவர் அந்த பில்லைக் கொண்டுவந்து, காப்புரிமை வழங்கப்படும் முன்பே 25ஆம் பிரிவின் கீழ் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ‘சோதனைக்காக, திரும்பப் பெறத்தக்கது’ என்று படகு உரிமையாளர் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால், நடந்ததை நடந்தபடி உங்கள் காப்புரிமை முகவரிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் மறைப்பதில் பயனில்லை.

கேள்வி: வியாசர்பாடியில் தம்பியின் பட்டறைக்கு, அக்காவான நான் வரைபடம் போட்டுத் தருகிறேன். இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பழைய ஆவணங்களை நாங்களே தேடிப் பார்க்க முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: முடியும், தேடத்தான் வேண்டும். ‘வடிகட்டி’ என்று சொல்லால் தேடினால் கடலில் ஊசி தேடுவது போலாகும். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள். சுருளாகச் சுற்றிய விளிம்பு வடிகட்டிகள் பி01டி 29/48 என்ற எண்ணின் கீழ் வரும். அதோடு நிறுத்தாமல், ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சல்லடைக் குழாய்களுக்குரிய ஈ21பி 43/08 என்ற எண்ணையும் பாருங்கள். மணலைத் தடுக்க முக்கோண வெட்டுக் கம்பியைத் தண்டுகள் மேல் சுற்றும் அந்தக் குழாய்க்கும் உங்கள் வடிகட்டிக்கும் உடலமைப்பு ஒன்றுதான், ஆய்வாளர் அங்கேயும் தேடுவார். இந்திய அலுவலகத்தின் தேடுதளமும் ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட்டும் இலவசம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும், 30 பக்கங்களும் 10 கோரல்களும் வரை, இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வு கோரும் படிவம் 18க்கு 4,000 ரூபாய். விண்ணப்பித்துவிட்டால் ஆய்வு தானாக வந்துவிடாது, கேட்டால்தான் வரும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அதைக் கேட்க 31 மாதங்களே கெடு. விண்ணப்பதாரர்களில் ஒருவராக உங்கள் பெயரும் இருந்தால், பெண் விண்ணப்பதாரர் என்ற முறையில் படிவம் 18ஏ வழியே விரைவு ஆய்வு கேட்கலாம். அதற்குக் கட்டணம் கூடுதல்.

கேள்வி: மேட்டை ஒரு பக்கம் மட்டும் எழுப்பலாம் என்ற யோசனை எங்கள் பட்டறையில் கம்பி சுற்றும் தொழிலாளியுடையது. விண்ணப்பம் என் பெயரில்தானே போக வேண்டும்? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: அந்த யோசனை கோரலில் இடம்பெறுமானால் அவரும் கண்டுபிடிப்பாளர், சம்பளம் நீங்கள் கொடுப்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடமிருந்து உரிமை எழுதிப் பெற்றவரோதான் விண்ணப்பிக்க முடியும். அவருக்குப் புரியும் மொழியில் உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, அதற்கு என்ன தருகிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டால் விண்ணப்பதாரராக நீங்களே இருக்கலாம். படிவம் 5இல் கண்டுபிடிப்பாளராக அவர் பெயர் வர வேண்டும். நீங்களும் யோசனையில் பங்கு கொண்டிருந்தால் உங்கள் பெயரும் வரட்டும். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த பிறகு இந்தப் படிவத்தை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது.