நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவை ஐந்து நாளில் நடந்து சுற்றிவிட முடியுமா?

கேள்வி: சென்னையிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் பிப்ரவரியில் நியூசிலாந்து வருகிறோம். ஸ்டூவர்ட் தீவுக்கு ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறோம். 125 கி.மீ. நார்த் வெஸ்ட் சர்க்யூட் நடைபாதையை முடிக்க முடியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே நாளில் 25 கி.மீ. நடந்த பழக்கம் உண்டு.

பதில்: முடியாது. 125-ஐ 25-ஆல் வகுத்தால் ஐந்து வருகிறது, கணக்கு சரிதான். தரைதான் அதற்கு ஒத்துவராது. இந்த நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்தப் பாதைக்குச் சொல்லும் காலம் 9 முதல் 11 நாள். நான் தென் தீவில் வசிக்கிறேன், ஸ்டூவர்ட் தீவுக்குப் போய்வருகிறவன். நன்றாக நடக்கிறவர்களும் அந்தக் கணக்கைப் பெரிதாகக் குறைத்து நான் பார்த்ததில்லை.

காரணம் சேறு. மலை உயரம் ஒன்றும் பயமுறுத்தாது, தீவின் உச்சியான ஹனனுய் 980 மீட்டர்தான். ஆனால் வருடம் முழுக்க மழை, மேலே மூடிய காடு, கீழே கரி போன்ற கறுப்பு மண். பாதை ஒரு மேட்டில் ஏறும், ஒரு கடற்கரையில் இறங்கும், உடனே அடுத்த மேட்டில் ஏறும். நடுவில் வேர்கள் பின்னிக் கிடக்கும். வேர்களுக்கு இடையில் தேங்கி நிற்கும் குழம்பில் ஊன்றுகோலை விட்டுப் பார்த்தால் சில இடங்களில் முழங்கால் அளவுக்கு இறங்கும். புதிதாக வருகிறவர்கள் ஷூ நனையக்கூடாது என்று ஓரமாகச் சுற்றிப் போவார்கள். அதில் நேரமும் போகும், செடிகளும் மிதிபட்டுப் பாதை அகலமாகிக்கொண்டே போகும். நேராக நடுவிலேயே இறங்கி நடந்துவிடுங்கள். முதல் அரை மணியிலேயே நனைந்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை. ஷூவுக்கு மேல் முழங்கால் வரை மூடும் கெய்ட்டர் என்ற உறை கட்டாயம் வேண்டும். ஹட்டில், அதாவது வழியில் இரவு தங்கும் குடிலில், மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை ஈரம் படாமல் பாலித்தீன் பையில் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி டீ-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடையானாலும் நனைந்த பருத்தியும் தெற்கிலிருந்து வரும் குளிர்காற்றும் சேர்ந்தால் உடல் விறைத்துவிடும்.

சரி, ஐந்து நாளில் என்ன செய்யலாம்? ரகியுரா ட்ராக் போங்கள். 32 கி.மீ., மூன்று நாள், இரண்டு இரவு. ஓபன் என்ற ஊரிலிருந்து 5 கி.மீ. சாலையில் நடந்தால் லீ பே. அங்கே பெரிய நங்கூரச் சங்கிலி போன்ற சிற்பத்துக்குள் நுழைந்துதான் தேசியப் பூங்காவுக்குள் போகவேண்டும். மாவோரி மரபில் இந்தத் தீவு மாவுய் என்ற புராண வீரனின் படகுக்கு நங்கூரக் கல், சங்கிலி அதற்காகத்தான். முதல் இரவு போர்ட் வில்லியம் ஹட், இரண்டாம் இரவு நார்த் ஆர்ம் ஹட். இரண்டாம் நாள்தான் கடினம்: 13 கி.மீ.க்கு 6 மணி நேரம் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கை நம்புங்கள். இங்கே தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், மணிநேரத்தைப் பாருங்கள்.

தீவு சென்னை மாநகராட்சியைப்போல நான்கு மடங்கு பரப்பு, மக்கள் 400 பேர் அளவுக்குத்தான். கிவிப் பறவைகள் அதைவிடப் பல மடங்கு. மரநாய் வகைப் பிராணிகள் இந்தத் தீவுக்கு வந்து சேராததுதான் அவை பிழைத்ததற்கு முக்கியக் காரணம். இங்குள்ள டோகோயெகா கிவி சில சமயம் பகலிலேயே நடமாடும். காட்டுக்குள் யாரோ குனிந்து எதையோ தேடுவதுபோல சருகு சலசலத்தால் அசையாமல் நில்லுங்கள். டார்ச்சில் சிவப்பு விளக்கு மட்டும். நம் ஊர்க் காட்டுக்குப் பழகியவர்களுக்கு ஒரு நிம்மதி, நாடு முழுக்கப் பாம்பே கிடையாது. சாண்ட்ஃபிளை என்ற சிறு ஈ உண்டு, கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். விமான நிலையப் படிவத்தில் ஊறுகாய், பொடி, முறுக்கு எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் அதிகபட்சம் பறிமுதல் செய்வார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மலையேற்ற ஷூவையும் கூடாரத்தையும் அறிவிக்க வேண்டும், மண் ஒட்டியிருக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மளிகையைத் தீவுக்குக் கிளம்பும் முன், தென் தீவின் தெற்கிலுள்ள இன்வர்கார்கில் நகரச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்வது நல்லது. ஓபனில் ஒரு கடை இருக்கிறது, விலை கூடுதல். ஹட்டில் மெத்தை, மழைநீர்த் தொட்டி, குளிர்காய விறகடுப்பு உண்டு. சமைக்க அடுப்பு கிடையாது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நான் ரவையைக் கடுகு, வேர்க்கடலையோடு தாளித்துப் பையில் போட்டுக்கொள்வேன். கொதிநீர் ஊற்றினால் உப்புமா, எரிவாயுவும் மிச்சம்.

அந்த எரிவாயு சிலிண்டரால்தான் படகா விமானமா என்பதும் முடிவாகிறது. இன்வர்கார்கிலிலிருந்து சிறு விமானத்தில் 20 நிமிடம், ஆனால் சிலிண்டரை ஏற்றமாட்டார்கள். பிளஃப் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம். நடுவில் ஃபோவோ நீரிணை, ஆழம் குறைவு, நீரோட்டம் வேகம், மேற்குக் காற்று நேராக வந்து மோதும். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. வானிலை மோசமானால் படகும் விமானமும் ரத்தாகும். அதனால் தீவிலிருந்து திரும்பும் அன்றே சென்னைக்கான விமானத்தைப் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஐந்து நாளில் நடைக்கு மூன்று, வந்து போக இரண்டு என்று வைத்தால், வானிலை ஒத்துழைத்தால் கடைசி நாளில் உல்வா தீவுக்கு அரை நாள் கிடைக்கும். தண்ணீர் டாக்ஸியில் சில நிமிடம்தான், நீங்கள் கிளறிவிடும் சருகில் பூச்சி தேடி ராபின் குருவி ஷூவுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

ஓபனை விட்டால் செல்போன் சிக்னலை நம்பவே முடியாது. நான்கு பேருக்கும் சேர்த்து ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன் ஒன்று வாடகைக்கு எடுங்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பிப்ரவரி இங்கே சீசன். தென் தீவின் புகழ்பெற்ற மில்ஃபோர்ட் ட்ராக் அளவுக்குப் போட்டி இல்லை, ஆனாலும் ஒரே ஹட்டில் நான்கு படுக்கை சேர்ந்தாற்போல் வேண்டுமே. முதலில் இயற்கைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் இரண்டு ஹட்டுக்கும் இடம் போடுங்கள், அந்தத் தேதிக்கு ஏற்றபடி படகு, கடைசியாகத்தான் விமான டிக்கெட்.