காற்றுக்கு இழுக்கத் தெரியாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் 'காற்று இழுக்கிறது', 'வெற்றிடம் உறிஞ்சுகிறது' என்றே எழுதியிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பதில்களில் எரிச்சல் தெரிந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். காற்றுக்குத் தள்ளத்தான் தெரியும். ஒரு பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் கூடுதலாகத் தள்ளுவது யார் என்று தேடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது தண்ணீரை எந்த விசை மேலே இழுக்கிறது? எவ்வளவு உயரம் வரை இழுக்கலாம்?

எதுவும் இழுக்கவில்லை. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறீர்கள். டம்ளரில் இருக்கும் தண்ணீரின் மேல் வளிமண்டலம் எப்போதும்போல அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் எதிர்ப்பு குறைந்ததும் தண்ணீர் அந்த வழியே ஏறுகிறது, அவ்வளவுதான். வளிமண்டலத்தின் மொத்தப் பலம் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் போதும். மேலே உட்கார்ந்துகொண்டு உறிஞ்சும் பம்ப் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் அதைத் தாண்டாது. நடைமுறையில் 7, 8 மீட்டர் ஏற்றினாலே பெரிய விஷயம். அதனால்தான் ஆழமான கிணறுகளில் மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கி, அடியிலிருந்து தள்ளவிடுகிறார்கள்.

'வெற்றிடம் இழுக்கிறது' என்று இன்னும் வாதாடுபவர்களுக்கு: 1640களில் இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை, ஒருமுனை மூடிய குழாயில் நிரப்பிப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்துப் பார்த்தபோது, அது சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. 1648இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலின் மைத்துனர் பெரியே அதே மாதிரிக் குழாயை மலை உச்சிக்குக் கொண்டுபோனார். பாதரசம் 8 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. குழாயின் தலைப்பில் இருந்த வெற்றிடம் அடிவாரத்திலும் அதேதான், உச்சியிலும் அதேதான். மாறியது, வெளியே தள்ளும் காற்றின் கனம்.

கேள்வி: ஓர் அறையில் உள்ள காற்றின் எடை எவ்வளவு?

எந்த அறை? நீள அகலம் சொல்லாமல் கேட்டால் எப்படி? நானே 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ. அறைக்குள் 60 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதாவது ஓர் ஆள் கனம்.

கேள்வி: ஈரமான காற்று கனமானது என்பதால்தான் புழுக்கம் நம்மை அழுத்துவதுபோல் இருக்கிறதா?

நேர்மாறு. நீராவி மூலக்கூறின் நிறை 18, காற்றின் சராசரி 29. கனமானவற்றை விலக்கிவிட்டு லேசானவை வந்து உட்காருகின்றன. ஆகவே, வெப்பமும் அழுத்தமும் சமமாக இருந்தால், ஈரக் காற்றுதான் லேசு. உங்களுக்குப் புழுங்குவது வியர்வை ஆவியாகாததால்.

கேள்வி: வெளியே போகும்போது மின்விசிறியை ஓடவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அறை குளிர்ந்திருக்கும் என்கிறார் என் கணவர். உண்மையா?

இல்லை. 75 வாட் விசிறி அந்த 75 வாட்டையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் கொட்டுகிறது. விசிறி குளிர்விப்பது ஆளை, அறையை அல்ல. தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான, ஈரமான காற்றை அது விலக்குகிறது, வியர்வை சீக்கிரம் ஆவியாகிறது. ஆளே இல்லாத அறையில் அது யாரைக் குளிர்விக்கும்? இன்னொன்று: தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியது. காற்று அதைவிட நன்றாகச் சூடேறிவிட்டால் விசிறி உடம்புக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அப்போது வியர்வை ஒன்றுதான் துணை. தண்ணீர் குடிக்காமல் விசிறியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: உதட்டைக் குவித்து ஊதினால் குளிர்கிறது, வாயை அகலத் திறந்து ஊதினால் சுடுகிறது. குறுகிய வழியில் வெளியேறும் காற்று விரிவடைவதால் குளிர்கிறது என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் குளிர்பதனப் பெட்டியைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். வாயால் ஊதும்போது வெளிக்காற்றைவிட ஒரு சதவீதம் போல அழுத்தம் கூடும். அது விரிவடைந்தால் ஒரு டிகிரிகூட இறங்காது. நடப்பது வேறு. மெல்லிய வேகமான தாரை பக்கத்திலிருக்கும் அறைக்காற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே போகிறது. கைக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி அறைக்காற்றுதான், உங்கள் மூச்சு கொஞ்சம்தான். சோதித்துப் பார்க்க ஒரு நொடி போதும்: உதட்டைக் குவித்தபடியே கையை வாயோடு ஒட்டிவைத்து ஊதுங்கள். சுடும்.

கேள்வி: விமான இறக்கையின் மேல்பக்கம் வளைந்து நீளமாக இருப்பதால், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு சேர்ந்துகொள்ள வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் விமானம் எழும்புகிறது. என் மகளின் பாடக் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. சரிதானே?

சரியில்லை. இந்த விளக்கத்தோடு நான் நெடுநாளாக மல்லுக்கட்டி வருகிறேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்தப் பதில் நீளும்.

இறக்கையின் முன்விளிம்பில் பிரியும் இரண்டு காற்றுத் துணுக்குகள் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது? படத்தின் கடைசி ரீலில் சேர்ந்தே ஆக வேண்டிய அண்ணன் தம்பிகளா அவை? காற்றுச் சுரங்கத்தில் (மாதிரி இறக்கையின் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் கூடு) புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். மேலே போன புகை முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடும், கீழே போனது பின்தங்கி வரும். பிரிந்தவை மறுபடி சேர்வதே இல்லை.

கணக்கும் ஒத்துவராது. 1,000 கிலோ எடையுள்ள சிறு விமானம், இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டர், வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது மிதக்க, இறக்கையின் கீழுக்கும் மேலுக்கும் 600 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) வித்தியாசம் வேண்டும். மேல்பக்கம் 2 சதவீதம் நீளமாக இருந்து, காற்றும் 2 சதவீதம் வேகமாக ஓடினால் கிடைப்பது 90 பாஸ்கல் கூட இல்லை. ஏழில் ஒரு பங்கு. பாடக் குறிப்பை நம்பி யாராவது விமானம் கட்டினால் அது ஓடுபாதையை விட்டு எழாது. 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் இறக்கை மெலிந்த, வளைந்த துணிப்பரப்பு. அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் நீளத்தில் ஏறக்குறைய சமம். காகித விமானத்தின் இறக்கை தட்டை. சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றன. இவையெல்லாம் அந்தக் குறிப்பின்படி விழுந்திருக்க வேண்டியவை.

'வேகம் கூடினால் அழுத்தம் குறையும்' என்ற விதிக்குச் சொந்தக்காரரான பெர்னூலியைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1738இல் அவர் வெளியிட்டதில் பிழையில்லை. இறக்கைக்கு மேலே காற்று உண்மையிலேயே வேகமாகத்தான் போகிறது, அங்கே அழுத்தமும் குறைவுதான். வேகத்துக்குச் சொல்லும் காரணம்தான் கற்பனை. சாய்ந்தோ வளைந்தோ இருக்கும் இறக்கையின் மேல்பரப்பை ஒட்டிக் காற்று வளைந்து செல்கிறது. ஓடும் காற்றின் பாதை வளைய வேண்டுமானால் வளைவின் வெளிப்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் உட்பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும்; அப்போதுதான் அது உள்நோக்கித் தள்ளப்படும். வெளியே, தொலைவில் இருப்பது சாதாரண வளிமண்டல அழுத்தம். எனவே பரப்பை ஒட்டிய இடத்தில் அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த இடத்தை நோக்கி வரும் காற்றைப் பின்னாலிருந்து கூடுதல் அழுத்தம் தள்ளுகிறது, அதனால் அது வேகமெடுக்கிறது. இறக்கையை மேலே 'இழுப்பது' எதுவுமில்லை. கீழிருந்து தள்ளும் காற்று, மேலிருந்து தள்ளும் காற்றை வென்றுவிடுகிறது. கூடவே இறக்கை ஏராளமான காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. அதற்கு எதிர்வினைதான் தூக்குவிசை என்று நியூட்டன் வழியில் சொன்னாலும் அதே விடை வரும். 'பாதி பெர்னூலி, பாதி நியூட்டன்' என்று பங்கு பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கிறோம், அவ்வளவே.

காகிதத் துண்டின் மேல் ஊதினால் அது எழும்புகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அதே காகிதத்தை நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கமாக மேலிருந்து கீழே ஊதிப் பாருங்கள். 'வேகம் இருந்தாலே அழுத்தம் குறைவு' என்பது உண்மையானால் காகிதம் மூச்சுத் தாரையின் பக்கம் ஓடிவர வேண்டும். ஏறக்குறைய அசையாமல் நிற்கும். முதல் சோதனையில் காகிதம் வளைந்திருந்தது, காற்று வளைந்தது. இரண்டாவதில் வளைவு இல்லை. பெர்னூலியின் கணக்கு ஒரே ஓட்டத்தின் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டுமே. உங்கள் வாயிலிருந்து வரும் காற்றையும் அறையில் சும்மா இருக்கும் காற்றையும் அதில் போட்டு ஒப்பிடக் கூடாது.

தேர்வில் அந்தக் குறிப்பையே எழுதினால்தான் மதிப்பெண் என்றால் மகள் எழுதட்டும். நம்ப வேண்டாம்.

கேள்வி: ஃபிரிட்ஜை மூடிய கையோடு மறுபடி திறந்தால் கதவு வர மறுக்கிறது. உள்ளே ஏதாவது பழுதா?

பழுதில்லை. ரப்பர் நன்றாக மூடுகிறது என்று அர்த்தம். திறந்தபோது புகுந்த சூடான காற்று உள்ளே குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று கதவைத் தள்ளிப் பிடிக்கிறது. காற்று முழுவதும் 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கி, கசிவே இல்லாவிட்டால் அழுத்தம் 8 சதவீதம் குறையும். அரை சதுர மீட்டர் கதவின் மேல் 400 கிலோ கனம். நல்ல வேளையாக இடுக்குகளில் காற்று கசிந்து உள்ளே போய்விடுகிறது. சற்றுப் பொறுத்துத் திறங்கள்.

கேள்வி: தண்ணீர்த் தட்டில் மெழுகுவத்தியை ஏற்றி டம்ளரால் மூடினால் தண்ணீர் ஏறுகிறது. எரிந்துபோன ஆக்ஸிஜனின் இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இது சரியான நிரூபணம்தானே?

நிரூபணம் அல்ல, நெடுநாள் தவறு. ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்ஸிஜனின் இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடும் வந்துவிடுகிறது. இதனால் ஏறக்கூடிய தண்ணீர் கொஞ்சமே. சுடருக்கு மேல் டம்ளரைக் கவிழ்க்கும்போது உள்ளே போவது சூடாகி விரிந்த காற்று. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் எரியும்வரை அதிகம் ஏறாமல், அணைந்த பிறகு விறுவிறுவென ஏறுவதைக் கவனித்தீர்களா? ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வையுங்கள். டம்ளரில் ஆக்ஸிஜன் அதே அளவுதான். தண்ணீர் அதிகமாக ஏறும்.

கேள்வி: புயலடிக்கும்போது உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டுமாமே?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். புயலின் மையத்தில் அழுத்தம் குறைவதென்னவோ உண்மைதான், ஆனால் கடும் புயலிலும் அது 10 சதவீதத்துக்குள் அடங்கும், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். அதற்குள் கதவிடுக்கு, ஓட்டை வழியாக வீடு தானே சமப்படுத்திக்கொள்ளும். ஆபத்து வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று, எதிர்ப்படும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 150 கிலோ கனத்தோடு தள்ளும். காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அந்தத் தள்ளல் வீட்டுக்குள் வந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். ஜன்னலை மூடிவிட்டு, கண்ணாடியிலிருந்து தள்ளி இருங்கள்.

கேள்வி: இரவில் தொலைவு ரயில் சத்தம் தெளிவாகக் கேட்பது, குளிர்ந்த காற்றில் ஒலி வேகமாகப் போவதாலா?

குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகத்தான் போகும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி இறங்கினால் 0.6 மீட்டர் குறையும். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே ஓரளவு சூடான காற்று இருக்கும். மேலே போகும் ஒலி அங்கே வேகமெடுப்பதால் அதன் பாதை தரையை நோக்கி வளைகிறது. பகலில் இது தலைகீழ்: ஒலி வானத்தை நோக்கி வளைந்து உங்களைத் தாண்டிப் போய்விடும். இரவில் மற்ற இரைச்சல் அடங்கியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூடான காற்று மேலே போகுமென்றால் மலை உச்சி ஏன் குளிர்கிறது?

மேலே போகும் காற்று, சுற்றிலும் அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிய வேலை செய்வதால் கிலோமீட்டருக்கு 10 டிகிரி இழக்கிறது. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பகுதி சுடுகிறதே, அதன் எதிர்ச்செயல்.

கேள்வி: ஹீலியத்தை உள்ளிழுத்தால் குரல் ஏன் கீச்சிடுகிறது? வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஹீலியத்தில் ஒலியின் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு. குரல்நாண் அதிர்வு பெரிதாக மாறாது. தொண்டையும் வாயும் எடுத்துக்கொடுக்கும் ஒத்ததிர்வுகள் (அவை பெரிதாக்கிக் காட்டும் சுரங்கள்) உயரப் போகின்றன. செய்து பார்க்காதீர்கள். நுரையீரலில் ஹீலியம் இருக்கும் நேரத்தில் ஆக்ஸிஜன் இல்லை, மயங்கி விழலாம். சிலிண்டரிலிருந்து நேராக இழுத்தால் நுரையீரல் கிழியும், உயிரே போகலாம்.

கேள்வி: காலையில் டயரில் 30 இருந்தது. வெப்பம் 30 டிகிரியிலிருந்து 60 ஆனால் காற்றழுத்தமும் இரட்டிப்பாகி 60 ஆகிவிடுமா? டயர் வெடிக்குமா?

30 என்ன? அலகு எழுதக் கூடாதா? பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றே எடுத்துக்கொள்கிறேன். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்; வெளிக்காற்றின் 15 பி.எஸ்.ஐ.யையும் கூட்டினால் உண்மையில் இருப்பது 45. டிகிரியையும் 273 கூட்டி, உண்மைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் கெல்வினாக்குங்கள்: 303, 333. கூடுவது பத்து சதவீதம். 45 என்பது ஏறக்குறைய 49.5 ஆகும், மானியில் 34, 35 தெரியும். இரட்டிப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. சூடாக இருக்கும்போது அளந்துவிட்டுக் காற்றைப் பிடுங்காதீர்கள். ஆறியதும் குறைந்துபோய் நிற்கும். நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் ஏறவே ஏறாதாமே என்று அதே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஏறும். ஈரமில்லாத எந்த வாயுவும் இதே கணக்கில்தான் ஏறும்; சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.