தண்ணீரில் கலந்த ஈயத்தைக் கருவி தானாகவே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆற்றிலோ குழாயிலோ பொருத்திய கருவி அவ்வப்போது தானே நீரை உறிஞ்சி, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களின் அளவை உடனுக்குடன் அனுப்புவதுதான் தானியங்கிக் கண்காணிப்பு.

சிக்கல், அளவு மிகச் சொற்பம் என்பது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதை நேரடியாக அளப்பது கடினம். அதனால் ஒரு வகைக் கருவி, நீரில் அமிழ்ந்திருக்கும் மின்முனைக்கு (மின்சாரம் பாயும் கடத்தி) எதிர்மறை மின்னழுத்தம் கொடுத்து உலோகத்தை அதன்மேல் படிய வைக்கிறது. உண்டியலில் சில்லறை சேர்ப்பது மாதிரி. அப்புறம் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால், ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் கரைந்து வெளியேறும். அந்த அழுத்தத்தை வைத்து எந்த உலோகம் என்றும், அப்போது பாயும் மின்சாரத்தை வைத்து எவ்வளவு என்றும் தெரிந்துவிடும். மின்முனையில் அழுக்கேறினால் கணக்கு தப்பும், ஆகவே துடைக்க ஆள் வேண்டும்!

வீட்டிலுள்ள டிடிஎஸ் மீட்டரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் மதிப்பிடும், ஈயத்தைத் தனியாகக் காட்டாது.